சோலையம்மாள் கரைத்த சாயம்

அக்கா எந்தத் தண்ணீரையும் முகர்ந்து பார்க்காமல் குடித்ததில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி மூக்கருகே கொண்டுபோவாள். கண்ணை லேசாகச் சுருக்குவாள். அதற்குப் பிறகுதான் செம்பு வாய்க்குப் போகும். கல்யாணப் பந்தியிலும், திண்டுக்கல் ஆஸ்பத்திரியிலும், சொந்தக்காரர் வீட்டிலும் அப்படித்தான். "ஏந்த்தா, நாங்க என்ன மருந்தா வச்சிருக்கோம்?" என்று யாராவது கேட்டால், "வைக்கிறவுக சொல்லிட்டா வைக்கிறாக?" என்பாள். சென்ற மாதம் அவள் வாயில் நான் பால் விட்டபோதும் மூக்கு ஒருமுறை அசைந்தது. மற்றவர்கள் அது மூச்சு என்றார்கள்.

சோலையம்மாளுக்குச் சந்தேகம் பிறவியிலேயே வந்தது. சந்தையில் கத்தரிக்காய்க் கூடையைக் கவிழ்த்து அடியில் கிடப்பதைப் பார்த்த பிறகே விலை கேட்பாள். நான் பி.ஏ. முடித்து மதுரையிலிருந்து சான்றிதழைக் கொண்டுவந்து காட்டியபோது, எழுதப் படிக்கத் தெரியாத அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏலே, இதுல உன் பேருதான் போட்ருக்கானா? நல்லாப் படிச்சுப் பாரு" என்றாள். அவள் கணவர் பெருமாள்சாமி மச்சான் சிரித்தார். "என்னயக் கட்டிக்கிறதுக்கு முந்தியே பல்லப் பிடிச்சுப் பாத்தவ மாப்ள இவ."

"பாத்தும் ஏமாந்துட்டேன்ல" என்றாள் அக்கா.

எங்கள் ஊர் சின்னாளபட்டியிலிருந்து சித்தையன்கோட்டைப் பக்கம் போகும் மண்சாலையில் இருக்கிறது. மச்சான் தோட்டத்துக் கிணறுதான் ஊரில் பெரியது. பாறையை வெடிவைத்து இறக்கிய சதுரக் கிணறு, ஒரு பக்கம் முழுவதும் கற்படி. குடிப்பதற்கு ஊர்க்கிணறு தனியாக இருந்தது. இந்தக் கிணறு வெள்ளாமைக்கும் நீச்சலுக்கும். சித்திரை வெயிலில் காலையில் இறங்கும் பிள்ளைகள் உதடு நீலம் பாய்ந்த பிறகுதான் மேலே ஏறுவார்கள். கீழத்தெருக்காரர்களுக்கு மட்டும் அங்கே இடமில்லை. ஊர் அப்படி வைத்திருந்தது.

வெளியூரிலிருந்து வந்து அந்தக் கிணற்றில் குளித்தவர் மைதீன் பிச்சை ராவுத்தர் ஒருவரே. திண்டுக்கல்லில் வீடு. சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஆட்டுத்தோல் வாங்கி, ஷாப்புக்காரர்களிடம் கொண்டுபோய்ப் போடுவார். தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் பெயர். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா தொழுகைக்குச் சித்தையன்கோட்டை போகிற வழியில் எங்கள் தோட்டத்தில் இறங்குவார். தோல் கட்டிய சைக்கிளைத் தூரத்து வேலமரத்தடியில் நிறுத்திவிட்டு, உப்புச் சாக்குகளைக் கிழக்கே இருந்த ஓடையில் அலசி உலரப் போடுவார். பிறகு கிணற்றுக்கு வருவார். அவர் வருவதற்காகவே பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஒரு வெள்ளைக் கல்லை நடுக்கிணற்றில் போட்டுவிட்டு, அது தரையைத் தொடுமுன் எடுத்து வருவார்.

"ராவுத்தரே, இன்னொருக்கா."

"ஏலே, நான் என்ன கெளுத்தியா? மூச்சு வாங்க விடுங்கடா."

முத்துச்சாமிக்கு, அதாவது அக்கா மகனுக்கு, நீச்சல் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அக்கா படியில் உட்கார்ந்து, அவர் கை பிள்ளையின் இடுப்பில் இருக்கிறதா, நழுவுகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் தையில் மச்சான், மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த கமலையைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டார் வைத்தார். ஊரில் அதுதான் முதல் மோட்டார். அக்கா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்திலேயே நின்று யாரும் கண் வைக்கிறார்களா என்று பார்த்தாள். அந்தச் சித்திரையில்தான் பேதி வந்தது.

முதலில் கருப்பம்மாளின் இளைய மகனுக்கு வந்தது. அவள் அக்காவுக்கு அடுத்த வீட்டுக்காரி, சிறுவயதுத் தோழி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளைக்கு மறுநாள் ரத்தமாகப் போயிற்று. மாட்டுவண்டியில் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். காந்திகிராமத்தைத் தாண்டுவதற்குள் இறந்துவிட்டான். அவனை அடக்கம் செய்து வந்த அன்றே இன்னும் சில பிள்ளைகள் படுத்தார்கள். முத்துச்சாமியும் படுத்தான். ஆஸ்பத்திரியில் கிடந்து, எலும்பும் தோலுமாகப் பிழைத்து வந்தான்.

ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றியது. அக்கா அதிலும் கலந்துகொண்டாள். ஆனால் அவள் மனம் வேறு இடத்தில் இருந்தது. ஒரு காலையில் மச்சானிடம் சொன்னாள்:

"ஊர்க்கிணத்துத் தண்ணியத்தான் எல்லாரும் குடிக்கிறோம். எனக்கு வரல, உங்களுக்கு வரல. படுத்ததெல்லாம் நம்ம கிணத்துல முங்குன பிள்ளைக. கருப்பம்மா மூத்தவனுக்குக் காலு ஒடிஞ்சு கட்டுப் போட்ருக்கு, அவன் முங்கல. அவனுக்கு ஒன்னுமில்ல. யாரோ கிணத்துல அசிங்கம் பண்றாக."

"உனக்கு யாரப் பாத்தாலும் அப்படித்தான்."

"அப்ப நீங்களே சொல்லுங்க, எப்படி வந்துச்சு?"

மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார்.

கீழத்தெருக்காரர்கள் ராத்திரியில் திருட்டுத்தனமாக இறங்குகிறார்கள் என்று ஊரில் பேச்சு வந்தது. அக்கா அதை நம்பவும் இல்லை, விடவும் இல்லை. பொழுது சாயும்போது அடுப்புச் சாம்பலைச் சலித்துக்கொண்டுபோய்ப் படிகளில் தூவிவிட்டு வந்தாள். விடிந்து போய்ப் பார்த்தபோது நாயின் தடமும் கீரியின் தடமும்தான் இருந்தன. மறுநாளும் தூவினாள். மனிதக் கால் ஒன்றுகூட இல்லை. "அவுக இல்ல" என்று ஊருக்குச் சொன்னாள். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்ப, தோலைத் தொட்ட கையோட வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இறங்குறது யாரு?" என்றும் கேட்டாள்.

அப்படித்தான் மைதீன் பிச்சையின் பெயர் வந்தது. யாரும் அதை மறுக்கவில்லை. எல்லோரும் அந்தப் பெயருக்காகவே காத்திருந்தது போல இருந்தது.

சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் வந்தார். கண்ணாடிக் குப்பியில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து, பனிக்கட்டி போட்ட பெட்டியில் வைத்து சென்னைக்கு அனுப்பினார். சில நாள் கழித்து அவரே வந்து முடிவைச் சொன்னார். தண்ணீரில் மலக்கிருமி நிறைய இருந்தது.

"யாரோடதுங்கய்யா?" என்று அக்கா கேட்டாள்.

"அது குடல்ல வளர்ற கிருமிம்மா. இருக்கா இல்லையான்னுதான் பரிசோதனை சொல்லும். எந்தக் குடலுன்னு சொல்லாது."

"அப்பக் கண்டுபிடிக்க வழியே இல்லையா?"

"சந்தேகப்படுற இடத்துல சாயத்தக் கரைச்சு ஊத்திட்டுக் கிணத்தப் பாப்போம். சாயம் வந்தா, அழுக்கும் அந்த வழியா வருதுன்னு அர்த்தம். அடுத்த வாரம் நானே கொண்டுவந்து செய்யுறேன். அதுவரைக்கும் யாரும் இறங்க வேணாம்."

அக்காவால் அடுத்த வாரம்வரை இருக்க முடியவில்லை. சின்னாளபட்டியில் சேலைக்குச் சாயம் தோய்க்கிற உறவுக்காரர் வீட்டுக்குப் போய்ச் சிவப்புச் சாயத்தூள் வாங்கி வந்தாள். முதலில் மேட்டுக்காட்டில், ஊர் ஆண்கள் ஒதுங்கும் பள்ளத்தில் கரைத்து ஊற்றினாள். கிணற்றில் நிறம் மாறவில்லை. வியாழக்கிழமை மாலை, மிச்சத் தூளையெல்லாம் தொழுவத்து வாளியில் கொட்டிக் கரைத்து, மைதீன் பிச்சை சாக்கு அலசும் ஓடையில் ஊற்றினாள். ஊர்ப் பெரியவர்கள் சிலரும் நின்று பார்த்தார்கள். வாளியை அப்படியே தொழுவத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது தோட்டத்திலிருந்து கூச்சல் கேட்டது. ஓடினேன். கிணற்றில், மோட்டார் இருந்த பக்கம், தண்ணீர் இளஞ்சிவப்பாக விரிந்திருந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் ஆண்டிச்சாமி உடனே ஆட்களை அனுப்பினார். ஓடையில் ஊற்றிய சாயம் கிணற்றுக்கு வந்துவிட்டது, பிள்ளையைக் கொன்றது தோல்காரன்தான், இனி யாரும் அவனுக்கு ஒரு தோல்கூடப் போடக் கூடாது என்று சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் சொல்லிவிடச் சொன்னார். எங்கள் பக்கத்து ஊர்களை விட்டால் மைதீன் பிச்சைக்கு வேறு பிழைப்பு இல்லை. அவர் மனைவி ஜெய்தூன் பீவியும் பிள்ளைகளும் அந்தச் சைக்கிளை நம்பித்தான் இருந்தார்கள்.

நான் அக்காவைத் தேடிப் போனேன். செய்தி அதற்குள் அவளுக்கு எட்டியிருந்தது. அவள் முகத்தில் பிடித்துவிட்டோம் என்ற தெளிவு இருந்தது. "பாத்தியாடா, நான் சொன்னேன்ல" என்றபடி தொழுவத்து வழியாக வேகமாக நடந்தாள். நடந்தவள் நின்றாள்.

வாளி அவள் வைத்த இடத்தில் இல்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே பச்சையாகச் சாணம் ஒட்டியிருந்தது. விளிம்பைச் சுற்றிச் சிவப்பு. தோட்டத்து ஆள் சோலைமலை கன்றுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வாளிய யாரு எடுத்தது?"

"நாந்தான் தாயி. மோட்டாருக்குச் சாணி கரைக்க வேற வாளி ஆப்பிடல. அடியில ஏதோ செவப்பாக் கட்டி கெடந்துச்சு. கன்னுக்குட்டிக்குக் கழிச்சல் இன்னும் நிக்கல, அதான் தண்ணியாத்தான் இருக்கு, சேத்துக் கரைச்சு ஊத்திட்டேன்."

அக்கம்பக்க ஊர்களில் மோட்டார் வைத்தவர்கள் எல்லோரும் இதைச் செய்தார்கள். இன்றும் செய்கிறார்கள். உறிஞ்சு குழாயின் அடியில், ஏறின தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கத் தோல் மூடி ஒன்று உண்டு. புட்வால் என்பார்கள். அது சரியாகப் பிடிக்கவில்லையென்றால் குழாயில் தண்ணீர் நிற்காது, மோட்டார் வெறுமனே சுற்றும். சாணத்தைக் கரைத்து மேலிருந்து ஊற்றினால் சந்துகள் அடைந்து தண்ணீர் நிற்கும். அடைகிற வரையில் இறங்குவதெல்லாம் கிணற்றுக்குள் போகும். எங்கள் மோட்டாரின் புட்வால் வந்த நாளிலிருந்தே ஒழுகியது. நாள் தவறாமல் அக்காதான் சாணம் எடுத்துக் கொடுத்தாள். தெருச் சாணத்தை நம்பாமல், தன் தொழுவத்துச் சாணத்தையே கொடுத்தாள். பங்குனியில் கன்றுக்குக் கழிச்சல் வந்ததிலிருந்து, கரைக்கச் சுலபம் என்று அதைத் தனியாக வழித்து வைத்தாள். பிள்ளைகள் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் முங்குவார்கள்.

அக்கா விளிம்பை நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். பக்கத்திலேயே சாம்பலும் தேங்காய் நாரும் கிடந்தன. ஒரு தேய்ப்பில் போய்விடும். சோலைமலைக்கு எதுவும் புரிந்திருக்கவில்லை. நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்தக் குடலுன்னு சொல்லாதுன்னாருல்ல அந்த ஆளு" என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு வாளியை எடுத்துக்கொண்டாள். "வீட்ல மாடத்துல துணிக்குப் போடுற நீலம் இருக்கு. எடுத்துட்டு ஓடியா."

நான் நீலத்தோடு கிணற்றுக்குப் போனபோது மைதீன் பிச்சை வந்துவிட்டிருந்தார். அவரைச் சுற்றிக் கூட்டம். சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். தோல்கள் மண்ணில் கிடந்தன. கருப்பம்மாள் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சாக்கு அலசுற ஓடை கிணத்துக்குப் பள்ளத்துல கெடக்கு அப்பு" என்று மைதீன் பிச்சை பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "பள்ளத்துத் தண்ணி மேட்டுக்கு ஏறுமா? நீங்களே பாருங்க."

"செவப்பு ஏறிருக்குல்ல, அதப் பாரு" என்றார் ஆண்டிச்சாமி.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சோலைமலையையும் கூட்டிக்கொண்டு, கிணற்றுக்குள் இருந்த மோட்டார் மேடைக்கு இறங்கினாள். வாளியில் தண்ணீர் மொண்டு நீலத்தைக் கரைத்தாள். "சோலைமல, இத ஊத்து, தெனம் ஊத்துற மாதிரி." அவர் தயங்கி ஊற்றினார். விளிம்பில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு குழாயின் அடியிலிருந்து, பீடிப் புகை போல, நீலம் மெல்ல மேலே வந்தது.

"ஓடையில ஊத்துனது இல்ல இது" என்றாள் அக்கா. "நேத்து நான் சாயம் கரைச்ச வாளியிலதான் இன்னைக்கி மோட்டாருக்குச் சாணி கரைச்சிருக்கு. அந்தச் செவப்புத்தான் இந்தச் செவப்பு. என் வாளி. என் கன்னுக்குட்டிக் கழிச்சலு. நாந்தான் வழிச்சுக் குடுத்தேன், தெனமும்."

ஆண்டிச்சாமிக்குத்தான் முதலில் வாய் வந்தது.

"என்னத்தா சொல்ற? சாணி எப்படி அசுத்தமாகும்? வாசல்ல தெளிக்கிறோம், பிள்ளையாரு பிடிக்கிறோம்."

"தெளிக்கிறீக. குடிக்கிறீகளா? முங்குற பிள்ளை குடிக்குது."

கருப்பம்மாள் எழுந்தாள். அக்காவின் முன்னால் வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "உன் மகன் பொழச்சுட்டானே சோலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதன்பின் அவள் எங்கள் வீட்டு மோர் வாங்கவில்லை. கடைசிவரை வாங்கவில்லை.

அக்கா படியேறி மைதீன் பிச்சையிடம் போனாள்.

"ராவுத்தரே, உங்க பேர மொதல்ல எடுத்தவளும் நாந்தான்."

"தெரியும் தங்கச்சி" என்றார் அவர். குனிந்து தோல்களை ஒவ்வொன்றாக எடுத்து மண் தட்டிக் கட்டினார். சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தே போனார். அன்று அவர் ஜும்மாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

அடுத்த வாரம் வந்த இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டார். மோட்டார் மேடையில் குந்தியிருந்து வெகுநேரம் குழாயைப் பார்த்தார். நீரை முழுவதும் இறைத்துவிட்டு மருந்து போடச் சொன்னார். மாட்டின் குடலில் இருப்பதும் மனிதனைப் படுக்கவைக்கும் என்று ஊரைக் கூட்டி விளக்கினார். ஊர் தலையாட்டியது. ஆனால் நம்பிக்கை வரவில்லை. சிவப்பை எல்லோரும் பார்த்திருந்தார்கள். நீலத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்.

அது அக்காவுக்குத் தெரிந்தது. ஆள் அனுப்பிய ஊர்களுக்கெல்லாம் தானே நடந்தாள். நான் துணைக்குப் போனேன். ஆடு வளர்ப்பவர் வீட்டு வாசலில் நின்று, "தோல்காரர் மேல தப்பில்ல, அது என் வீட்டுச் சாணி" என்று சொல்வாள். சிலர் சரி என்றார்கள். சிலர் சிரித்தார்கள். ஓர் ஊரில் ஒரு பெண், "அவுகளுக்கு எதுக்கு நீ இம்புட்டுத் தூரம் பரிஞ்சுக்கிட்டு வார?" என்று கேட்டாள். அக்காவின் முகம் சுருங்கியது. அது அவளே கேட்டிருக்கக்கூடிய கேள்வி. இன்னொருத்தி வாயிலிருந்து அது வந்ததை அன்றுதான் கேட்டாள். அடுத்த வீட்டுக்கு நடந்தாள். ஆவணி பிறப்பதற்குள் பெரும்பாலான வீடுகள் மறுபடி அவருக்குத் தோல் போட்டன. எல்லா வீடும் இல்லை.

மைதீன் பிச்சை ஒருநாள் வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, மச்சானைக் கூப்பிட்டு ஒரு தோல் துண்டைக் கொடுத்தார்.

"எருமத்தோலு. புட்வாலுக்கு வட்டமா வெட்டிப் போடச் சொல்லுங்க. ஊற ஊறப் பிடிக்கும். சாணி வேண்டியதில்ல."

"உள்ள வாங்க ராவுத்தரே. குளிச்சுட்டுப் போங்க."

"சளி பிடிச்சிருக்கு அப்பு."

அந்தத் தோல் போட்ட பிறகு புட்வால் ஒழுகவில்லை. பேதியும் வரவில்லை. அடுத்த கோடையில் பிள்ளைகள் மறுபடி இறங்கினார்கள். முத்துச்சாமி இறங்கினான். மைதீன் பிச்சை மட்டும் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சைக்கிள் மணி கேட்டதும் அக்கா கிணற்று மேட்டில் வந்து நிற்பாள். "தண்ணி நல்லாருக்கு, நான் பாத்துட்டேன்" என்பாள். ஒரு வாரம் சளி, ஒரு வாரம் நேரமாகிவிட்டது, ஒரு வாரம் வீட்டிலேயே குளித்தாயிற்று. நின்று பேசுவார், மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்பார், போய்விடுவார். ஏழெட்டு வருஷம் அப்படியே போயிற்று.

"தண்ணிய அவரு நம்புறாரு. என்னயத்தான் நம்பல" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். "நம்பவும் கூடாது. நானா இருந்தா நம்ப மாட்டேன்."

அவள் தன்னையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தாள். சோறு வடிக்கும்போது பானையில் கைபட்டால் கையை முகர்வாள். அண்டை வீட்டுப் பிள்ளை எது கேட்டாலும் கொடுக்குமுன் தானே ஒரு வாய் தின்று, கொஞ்சம் காத்திருப்பாள். ஊரார் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூடையைக் கவிழ்த்துப் பார்க்கிறவள் தன் கூடையையும் கவிழ்த்துப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

சென்ற மாதம் அவளை எரித்துவிட்டு, எங்கள் வழக்கப்படி ஆண்கள் எல்லோரும் தலை முழுகக் கிணற்றுக்கு வந்தோம். மைதீன் பிச்சை சுடுகாடுவரை பின்னாலேயே நடந்து வந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. மற்றவர்கள் முங்கி ஏறும்வரை மேட்டிலேயே நின்றார். மச்சான் ஈரத்தோடு அவரைப் பார்த்தார், கூப்பிடவில்லை.

அவராகவே சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படியிறங்கினார். கடைசிப் படியில் நின்று குழாயின் அடியை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீரை அள்ளி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை லேசாகச் சுருக்கினார்.

அப்புறம் முங்கினார்.